ஏலத்துக்கு வந்த குலை

போன வாரம் சாப்பாட்டு மேசையில் ஜெனிஃபா கேட்டது ஒரே ஒரு கேள்விதான்.

"நம்ம தோப்புல நல்ல காய் இறங்கியே ரொம்ப நாளாச்சு. அப்போ வருஷா வருஷம் கோயிலுக்குப் போறது யாரோட குலை, பெரியப்பா?"

சாந்தகுமார் பாதிச் சோற்றில் கையைக் கழுவிக்கொண்டு எழுந்துவிட்டார். அவர் எழுந்தால் மற்றவர்களும் எழுந்துவிட வேண்டும் என்பது அந்த வீட்டு வழக்கம். மகன் ஷாஜின் எழுந்தான். தம்பி மனைவி, ஜெனிஃபாவின் அம்மா மெர்சி எழுந்தாள். ஜெனிஃபா மட்டும் ரசம் ஊற்றிக்கொண்டு சாப்பிட்டு முடித்தாள்.

அன்றிலிருந்து அவளோடு யாரும் பேசக் கூடாது என்று உத்தரவு. பெற்ற தாய்க்கும் சேர்த்துத்தான்.

இன்று தேவாலயத்தில் அறுப்பின் பண்டிகை.

ஆம்பூரில் அவர்கள் கோயிலில் ஆராதனை முடிந்ததும் வளாகத்தில் ஏலம் நடக்கும். பூசணிக்காய், சேவல், நெல் மூட்டை, கேக் என்று அவரவர் கொண்டுவந்த முதற்பலனை ஏலம் விடுவார்கள். ஆனால் முதலில் ஏலத்துக்கு வருவது சாந்தகுமார் வீட்டு இளநீர்க் குலைதான். அவர் அப்பா காலத்திலிருந்தே அப்படி. குலையை எடுத்தவர் அங்கேயே ஒரு காயைச் சீவி முதல் தம்ளரை ஆயருக்குக் கொடுப்பார். ஆயர் குடித்துவிட்டு அந்தக் குடும்பத்தை ஆசீர்வதிப்பார். பாலாற்றங்கரைத் தோப்பு, பாலாற்றங்கரை இளநீர் என்று அந்த வீட்டுக்கு ஒரு பெயர். ஒரு குடும்பத்தின் பெயர் என்பது கஞ்சி போட்ட வேட்டி மாதிரி. உடுத்தியவன் நிமிர்ந்தே நடக்க வேண்டும். குனிந்தால் மடிப்புக் கலைந்துவிடும்.

சாந்தகுமார் குனிந்ததே இல்லை. தோல் கம்பெனியில் தரம் பிரிக்கும் பகுதிக்குத் தலைமையாக இருந்து ஓய்வு பெற்றவர். தோலை விரலால் ஒரு தடவு தடவினால் போதும், ஆடு உயிரோடு இருந்தபோது முள் கிழித்ததா, உண்ணி கடித்ததா என்று சொல்லிவிடுவார். மனிதர்களையும் அப்படித்தான் தரம் பிரிப்பார். இது ஒன்றாம் நம்பர், இது மூன்றாம் நம்பர், இது ரிஜெக்‌ஷன்.

காலையில் கஞ்சி போட்ட வேட்டியைக் கட்டிக்கொண்டே மெர்சியைக் கூப்பிட்டார். தம்பி இறந்த பிறகு அவளும் ஜெனிஃபாவும் அவர் கூரையின் கீழ்தான் இருக்கிறார்கள். நர்சிங் ஹோமில் வேலை பார்த்துவிட்டு வந்து அந்த வீட்டுச் சமையலையும் அவள்தான் பார்க்கிறாள்.

"குலை ரெடியா?"

"துணி கட்டி, ஜிகினா சுத்தி வெச்சிட்டேன் மாமா."

"ஞானசிகாமணி குடும்பத்தோட வர்றாரு. ஷாஜின் கல்யாணப் பேச்சு அந்தக் குலையிலதான் ஆரம்பிக்கணும். தெரியுதா?"

"தெரியும் மாமா."

"சரி. உன் பொண்ணு கேக்கறது இன்னா படிப்பு, நீயாவது சொல்லு. மத்தியானம் மூணு மணிக்குக் கம்ப்யூட்டர்ல கேள்வி கேக்கப் போறாங்களாமே."

மெர்சி பாடம் ஒப்பிப்பதுபோல் சொன்னாள். "சுற்றுச்சூழல் படிப்பு மாமா. பெங்களூர்ல. நாலு வருஷம். மொத வருஷம் எல்லாருக்கும் பொது. அப்புறம் தண்ணி, மண்ணு, ரசாயனம்னு போலாம். இல்லன்னா சட்டம், அரசாங்கக் கொள்கை. இல்லன்னா பொருளாதாரம், சமூகம். ஒண்ண முக்கியமா எடுத்து, மத்ததையும் சேத்துப் படிக்கணுமாம்."

"முடிச்சா டாக்டரா?"

"இல்ல மாமா."

"இன்ஜினியரா?"

"இல்ல."

"வக்கீலா?"

"அதுக்கு மேல படிக்கணும்."

வாசலில் ஷூ மாட்டிக்கொண்டிருந்த ஷாஜின் சிரித்தான். "பஃபே மாதிரிப்பா. எல்லாத்துலயும் ஒரு கரண்டி."

"பஃபே இல்லடா. கம்பெனியில தரையில விழற வெட்டுத் துண்டு. அத ஒட்டி ஒட்டி பெல்ட் பண்ணலாம். போட்டுக்கற ஷூ பண்ண முடியாது." அவர் மெர்சியின் பக்கம் திரும்பினார். "நர்சிங் உனக்குச் சோறு போடலியா?"

"போட்டுச்சு மாமா."

"அப்போ உன் பொண்ணுக்கு மட்டும் ஏன் ஒட்டுத்துண்டு?"

மெர்சி தலையைக் குனிந்துகொண்டாள். அவளைத் தரம் பிரித்து அவர் வெகுநாள் ஆகிவிட்டது. மெல்லிசு, கிழியாது, எந்த அச்சில் போட்டாலும் அந்த வடிவத்துக்கு வந்துவிடும்.

அந்த நேர்காணலையே அவர் தடுத்திருப்பார். ஆயர் இவர் வீட்டுக்கு வந்து, பிள்ளை ஒரு தடவை பேசிப் பார்க்கட்டும் என்று கேட்டபோது, சரி என்று வாய் தவறிச் சொல்லிவிட்டார். சொன்ன சொல்லை மாற்றுகிற ஆள் அவரில்லை.

குலையைப் பற்றி ஜெனிஃபா கேட்டதில் பொய் ஒன்றும் இல்லை. கிணற்றில் உப்பு ஏறித் தோப்பு கெட்டுப் பல வருஷம் ஆகிறது. ஓரத்தில் நிற்கும் நாலைந்து மரங்கள் குறுங்காயாகக் காய்க்கின்றன. அதை வாயில் வைக்க முடியாது. பண்டிகைக்கு முந்தின நாள் ஒடுகத்தூரிலிருந்து வியாபாரி கமலம் வேன் வைத்து ஒரு நல்ல குலையை அனுப்புவாள். அது பின்கட்டுக் கொட்டகையில் சாக்குக்கு அடியில் ராத்தங்கும். இது தனக்கும் ஷாஜினுக்கும் மட்டும்தான் தெரியும் என்று சாந்தகுமார் நினைத்துக்கொண்டிருந்தார். ஊருக்குச் சொன்னது பொய்தான். ஆனால் ஒரு வீட்டின் மானத்தைக் காக்கச் சொல்லும் பொய்க்குக் கூரை என்று பெயர். அதைப் பிடுங்குகிறவன் மழையில் நனையத் தயாராக இருக்க வேண்டும்.

ஏலம் தொடங்கியது.

வாலிபர் சங்கச் செயலாளர் நாற்காலி மேல் ஏறி நின்று குலையைத் தூக்கிக் காட்டினான். வெள்ளைத் துணியும் ஜிகினாவும் வெயிலில் பளபளத்தன. வேலூரில் தலைமையாசிரியராக இருந்து ஓய்வு பெற்ற ஞானசிகாமணி முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் மனைவி, மகள். சாந்தகுமார் அவர் காதோரம் குனியாமல், நிமிர்ந்தபடியே பெருமையைச் சொல்லிக்கொண்டிருந்தார்.

"எங்கப்பா நட்ட மரங்க. தண்ணி கல்கண்டு."

ஞானசிகாமணி விட்டுக்கொடுக்காமல் கேட்டுக் குலையை எடுத்தார். கைத்தட்டல் கேட்டது. துணியை அவிழ்த்தார்கள். ஒரு காயைச் சீவி ஆயர் கையில் தம்ளரைக் கொடுத்தார்கள்.

ஆயர் ஒரு வாய் குடித்தார். அவர் கண்கள் கொஞ்சம் விரிந்தன. விழுங்கினார்.

"எப்படி ஐயா இருக்குது?" என்று செயலாளர் மைக்கை நீட்டினான்.

"கர்த்தருக்கு ஸ்தோத்திரம்" என்றார் ஆயர். பாதித் தம்ளரைத் திருப்பிக் கொடுத்தார்.

அடுத்த தம்ளர் ஞானசிகாமணிக்கு. குடித்தவர் கைக்குட்டையை எடுத்து வாயை மூடிக்கொண்டார்.

"இன்னாங்க சாந்தகுமார்... உப்புக் கரிக்குது."

மைக் பக்கத்திலேயே இருந்தது. வளாகம் முழுக்கக் கேட்டது.

"பேதிக்குக் குடுப்பாங்களே உப்புத் தண்ணி, அதுவா சார்?" என்று பின்னாலிருந்து ஒரு குரல்.

"பிரதர், முன்னாடியே சொல்லக் கூடாதா? மாங்கா ஊறப்போட நானே எடுத்திருப்பேன்."

சிரிப்பு அலை அலையாக வந்தது. அதையெல்லாம்கூட அவர் தாங்கிக்கொண்டிருப்பார். பெண்கள் பக்கத்திலிருந்து ஒருத்தி, சிரிக்காமல், நிஜமாகவே சந்தேகம் கேட்பவள்போல் கேட்டாள்.

"நம்ம ஊர்த் தோப்பெல்லாம் உப்பாப் போய் எத்தினியோ வருஷம். இவங்க காய் மட்டும் எப்படித் தித்திச்சுது? எங்கேர்ந்து வந்துச்சு?"

சிரிப்பு நின்றுபோனது. அந்த நிசப்தம்தான் அவரை வெட்டியது.

சாந்தகுமார் குனிந்து குலையைத் தொட்டார். தொட்டவுடன் விரலுக்குத் தெரிந்துவிட்டது. குறுங்காய். வற்றிய காம்பு. ஒடுகத்தூர்க் குலை இல்லை. வாழ்நாளெல்லாம் தொட்டுப் பார்த்தே தரம் பிரித்தவர், இன்று ஜிகினாவைப் பார்த்துவிட்டுத் தொடாமல் இருந்துவிட்டார்.

அவர் நிமிர்ந்து தேடினார். வேப்பமரத்தடியில் ஜெனிஃபா நின்றுகொண்டிருந்தாள். வாயடைத்துப்போன முகம். நேற்று சாயங்காலம் தண்ணீர் எடுக்கிறேன் என்று தோப்புக்குப் போனவள் அவள்தான். இந்த வயதிலேயே இவ்வளவு நடிப்பா என்று நினைத்துக்கொண்டார்.

ஞானசிகாமணி குடும்பம் விருந்துக்கு இருக்கவில்லை. எடுத்த குலையையும் கொண்டுபோகவில்லை. அது ஆட்டோவில் சாந்தகுமார் வீட்டுக்கே திரும்பி வந்தது.

வீட்டுக்குள் நுழைந்ததும் அவர் ஒரு வார மௌனத்தை உடைத்தார்.

"வா இங்க."

ஜெனிஃபா வந்து நின்றாள்.

"கொட்டாயில இருந்த குலை எங்க?"

"எனக்குத் தெரியாது பெரியப்பா. நான் தொடல."

"உங்கப்பனும் இப்படித்தான் நெஞ்ச நிமித்திப் பொய் சொல்லுவான். அவனாவது வெளியாள் முன்னாடி வீட்ட வித்ததில்ல."

"அப்பா பொய் சொன்னதில்ல."

"எதுத்துப் பேசற வாய்க்கு நாலு வருஷப் படிப்பு வேறயா?"

அவர் கத்தவில்லை. கத்துவது கீழ்த்தரம் என்பது அவர் கருத்து. ஜன்னல் மேடையில் அவள் வரிசையாக வைத்திருந்த பாட்டில்களைப் பார்த்தார். வீட்டுக் கிணறு, தோப்புக் கிணறு, ஆற்றோரக் கிணறு என்று ஒவ்வொன்றிலும் பெயர் ஒட்டியிருந்தது. நேர்காணலில் காட்டுவதற்காக மாதக்கணக்கில் சேர்த்த தண்ணீர்.

"ஷாஜின், இதையெல்லாம் எடுத்துக் கழுவற தொட்டியில ஊத்து."

"அப்பா..."

"ஊத்துடா."

ஷாஜின் ஊற்றினான். ஒவ்வொரு பாட்டிலாக. ஜெனிஃபா அழுவாள் என்று அவர் காத்திருந்தார். அவள் அழவில்லை. சமையலறை வாசலில் நின்ற மெர்சிதான் சேலைத் தலைப்பைக் கடித்துக்கொண்டு நின்றாள்.

"மூணு மணிக்குப் பேசு. சொன்ன சொல்ல நான் மாத்த மாட்டேன். ஆனா நான் பக்கத்துல உக்காருவேன்" என்றார்.

மூன்று மணிக்கு ஹாலில் ஷாஜினின் லேப்டாப் திறந்திருந்தது. திரையில் இரண்டு பேர். ஒருவர் கண்ணாடி போட்ட பெரியவர். இன்னொருவர் நடுவயதுப் பெண். தான் சேலத்துக்காரி என்றும், தமிழிலேயே பேசலாம் என்றும், மற்றவருக்குத் தானே சொல்லிவிடுவதாகவும் சொன்னார்.

"உங்க ஊர்லேர்ந்து ஒரு பொருளக் கொண்டுவந்து பேசச் சொல்லியிருந்தோம் இல்லையா? ஒரே பாடமா இல்லாம, பல பக்கத்துலேர்ந்து. என்ன கொண்டுவந்திருக்கீங்க?"

ஜெனிஃபா காலி பாட்டில்களின் பக்கம் பார்க்கவே இல்லை. கீழே குனிந்து, ஆட்டோவில் திரும்பி வந்த குலையிலிருந்து பறித்த ஓர் இளநீரை எடுத்து மேசை மேல் வைத்தாள்.

சாந்தகுமாரின் முதுகு நாற்காலியை விட்டு நிமிர்ந்தது.

"இது எங்க தோப்புக் காய், மேடம். உப்புக் கரிக்கும். மொதல்ல கெமிஸ்ட்ரி சொல்றேன். தோல் கம்பெனிங்கள்ல பச்சைத்தோல் கெடாம இருக்க உப்புப் போடுவாங்க. அதக் கழுவின தண்ணி ரொம்ப வருஷம் மண்ணுல எறங்கிச்சு. இப்போ சுத்தம் பண்றாங்க. ஆனா அப்ப எறங்கின உப்பு அங்கயேதான் இருக்குது. அந்த வேலையிலதான் எங்க வீடே சாப்பிட்டுது. அதையும் சொல்லணும்."

"சரி. அடுத்தது?"

"சட்டம். நிலம் கெட்டுப்போச்சுன்னு பதிவு பண்ணவங்களுக்கு நஷ்ட ஈடு கெடச்சுது. எங்கப்பா பண்ணலாம்னு சொன்னாரு. நம்ம நிலத்த நாமளே கெட்டதுன்னு எழுதிக் குடுக்கறதான்னு வீட்ல பெரியவங்க கேட்டாங்க. பண்ணல."

"மூணாவது?"

ஜெனிஃபா இளநீரைக் கொஞ்சம் முன்னால் நகர்த்தினாள்.

"மூணாவது எனக்கே வெளங்கல மேடம். உப்பு தெரியுது. சட்டம் தெரியுது. இருந்தும் ஏன் நாங்க வேற ஊர்க் காய வாங்கி, எங்களோடதுன்னு கோயிலுக்குக் கொண்டுபோறோம்? இதுக்கு எந்தப் பாடத்துல பதில் இருக்குதுன்னு தெரியல. அதுக்காகத்தான் இந்தப் படிப்பு கேக்கறேன்."

சேலத்துப் பெண்மணி பக்கத்திலிருந்தவருக்குத் தாழ்ந்த குரலில் சொன்னார். பெரியவர் முன்னால் நகர்ந்து உட்கார்ந்தார். பிடித்துப்போயிற்று என்பது சாந்தகுமாருக்குத் தெரிந்தது. வாங்க வந்தவன் நல்ல தோலைப் பார்த்தால் அப்படித்தான் நகர்ந்து உட்காருவான்.

காலையில் சொந்த ஊர். இப்போது அந்நியர். இரண்டு இடத்திலும் அதே குலை.

சாந்தகுமார் எழுந்து திரைக்கு முன்னால் வந்தார். ஏற்றுமதிச் சரக்கு வாங்க வரும் வெள்ளைக்காரர்களோடு பேசிப் பழகிய ஆங்கிலம் அவருடையது. அளந்து அளந்து பேசினார். தான் இந்தப் பெண்ணின் பெரியப்பா. தகப்பன் இல்லாததால் தான்தான் பொறுப்பு. இவளுக்குச் சின்ன வயதிலிருந்தே பொய் சொல்லும் பழக்கம் உண்டு. எடுத்துக்கொள்வதற்கு முன்னால் உங்களுக்குத் தெரிந்திருப்பது நல்லது.



"அரிவாளும் தம்ளரும் கொண்டா" என்றார் மெர்சியிடம்.

திரையிலிருந்த இருவரும் பார்க்க, காயைச் சீவினார். தம்ளர் நிறைய ஊற்றினார். நின்றபடியே மடக்கு மடக்கென்று குடித்தார். நாக்கில் உப்புக் கரித்தது. முகத்தில் ஒரு மயிர்க்கால் அசையவில்லை. கடைசிச் சொட்டு வரை குடித்துவிட்டுத் தம்ளரைக் கவிழ்த்துக் காட்டினார்.

"இனிக்கிறது" என்றார் தமிழில். பிறகு ஆங்கிலத்திலும் சொன்னார்.



மீதித் தண்ணீரை அதே தம்ளரில் ஊற்றி மெர்சியிடம் நீட்டினார். "பெத்தவ சொன்னா நம்புவாங்க. குடிச்சிட்டுச் சொல்லு."

மெர்சி மகளைப் பார்த்தாள். அவரைப் பார்த்தாள். தம்ளரை வாங்கி இரண்டு வாய் குடித்தாள். சேலைத் தலைப்பால் வாயைத் துடைத்துக்கொண்டாள்.

"இனிக்குது மேடம்."

சாந்தகுமார் மூச்சு விட்டார். முடிந்தது. மெல்லிசு, கிழியாது, அச்சுக்கு வந்துவிடும்.

ஜெனிஃபா தாயின் முகத்தைப் பார்த்தாள். பிறகு திரையின் பக்கம் திரும்பினாள். குரலில் கோபம் இல்லை. அதுதான் கொடுமையாக இருந்தது. கடையில் ஒரு சாமானைக் காட்டுவதுபோல் அவர்கள் இருவரையும் கையால் காட்டினாள்.

"மூணாவது எனக்கு வெளங்கலன்னு சொன்னேன் இல்லையா மேடம்? அது இதுதான். இப்போ நீங்களே பாத்துட்டீங்க."

திரையில் கண்ணாடியைக் கழற்றித் துடைத்த பெரியவர் ஏதோ எழுதிக்கொண்டார். "புதன்கிழமை சொல்றோம் ஜெனிஃபா" என்றார் அந்தப் பெண்மணி. திரை இருண்டது.

இருண்ட கண்ணாடியில் தம்ளரோடு நிற்கும் தன் உருவத்தைச் சாந்தகுமார் பார்த்தார். பார்வைக்கு வைத்த மாதிரித் தோல் துண்டுபோல் இருந்தார்.

அவர் தம்ளரை வைத்துவிட்டுச் சுவரருகே போனார். மாலை போட்டிருந்த தம்பியின் படத்தை ஆணியிலிருந்து எடுத்தார். தூசியைத் தட்டி ஜெனிஃபாவிடம் நீட்டினார்.

"புதன்கிழமை அவங்க வான்னாலும் சரி, வேணாம்னாலும் சரி. இதை நீ எடுத்துக்கோ. இந்தச் சுவர்ல இனிமே உன் அப்பனுக்கு இடமில்ல. என் தம்பி செத்துட்டான். உன் அப்பன் எவனோ, எனக்குத் தெரியாது."

ஷாஜின் "அப்பா!" என்று ஓரடி முன்னால் வந்தான். அவர் பார்த்த பார்வையில் நின்றுவிட்டான். பிறகு செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே போய்விட்டான்.

ஜெனிஃபா படத்தை இரண்டு கையாலும் வாங்கினாள். மாலையைக் கழற்றி மேசை மேல் வைத்தாள்.

"மாலை நீங்க வாங்கினது" என்றாள். உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

மெர்சி அந்த இடத்திலேயே நின்றாள். சுவரில் படம் இருந்த சதுரம் மட்டும் வெளுக்காமல் பச்சையாகத் தெரிந்தது. அதைப் பார்த்துக்கொண்டே பேசினாள்.

"குலைய மாத்தினது அவ இல்ல மாமா."

"உன் பொண்ணுக்காக நீ பேசாத."

"துணி கட்டினது யாரு?"

அவர் திரும்பினார்.

"ஒடுகத்தூர்க் குலைய விடியறதுக்குள்ள நர்சிங் ஹோமுக்கு அனுப்பிட்டேன். பேஷண்டுங்க குடிச்சிருப்பாங்க. தோப்புக் குலைய வெட்டி எறக்கச் சொன்னது நான்தான். தெரிஞ்சேதான் செஞ்சேன்." அவள் குரல் தாழ்ந்தே இருந்தது. "கொட்டாயில சாக்குக்குக் கீழ எது படுத்திருக்குதுன்னு இந்த வீட்டுக்கு வந்த மொத வருஷமே எனக்குத் தெரியும் மாமா. கூட்டறவ நான்தானே. ஊரு முன்னாடி இந்தப் பொய் ஒரு தடவ ஒடஞ்சிட்டா, அப்புறம் நீங்க அவளப் படிக்க விட்டுடுவீங்கன்னு நெனச்சேன்."

"அப்போ இனிக்குதுன்னு ஏன் சொன்ன?"

"கோயில்ல தைரியம் இருந்துச்சு. இங்க இல்ல."

அவர் கை ஓங்கவில்லை. ஓங்க வேண்டிய இடத்தைத் தாண்டி அவள் போய்விட்டாள். இத்தனை வருஷம் தொட்டுப் பார்த்த தோல் என்று நினைத்திருந்தார். ஒருநாளும் தொடவில்லை. ஜிகினாவைத்தான் பார்த்திருக்கிறார்.

மெர்சி தம்ளரை எடுத்தாள். தொட்டியில் கழுவினாள். மேடை மேல் கவிழ்த்து வைத்தாள். மகள் இருந்த அறைக்கதவைத் தட்டினாள். திறக்கவில்லை. கதவுக்கு வெளியே தரையில் உட்கார்ந்துகொண்டாள்.

சாந்தகுமாருக்குத் தாகம் எடுத்தது. உப்பு நாக்கை உரித்துக்கொண்டிருந்தது. அந்த வீட்டில் அவர் தானாகத் தண்ணீர் எடுத்துக் குடித்ததில்லை. குரல் கொடுத்தால் வரும். குரல் கொடுக்க வேண்டுமென்றால் இரண்டு பெயர்களில் ஒன்றைச் சொல்ல வேண்டும்.

மேசை மேல் போன் அடித்தது. திரையில் ஞானசிகாமணியின் பெயர்.

அவர் நிமிர்ந்து உட்கார்ந்து வேட்டி மடிப்பை நீவிவிட்டுக்கொண்டார். எடுத்துப் பேசுவதற்கு முன் வாயைத் திறந்து பார்த்தார். நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது.

போன் அடித்துக்கொண்டே இருந்தது.